புதுக் கம்ப்யூட்டரில் முதலில் வந்து உட்காரும் பிரவுசர் யாருடையது?



புது லேப்டாப் வாங்கிய எல்லார் வீட்டிலும் ஒரே சடங்குதான் நடக்கிறது. பெட்டியைப் பிரிக்க வேண்டியது, வைஃபை பாஸ்வேர்டு கொடுக்க வேண்டியது, எட்ஜ் பிரவுசரைத் திறந்து அதில் குரோமைத் தேடி இறக்க வேண்டியது. அதன் பிறகு எட்ஜ் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "எட்ஜ் எதற்கு டீச்சர்? குரோமை டவுன்லோடு பண்ணத்தான்" என்று உங்களில் சிலரே என்னிடம் கேலியாகச் சொல்லியிருக்கிறீர்கள். வேண்டாத எட்ஜை ஏன் அழிக்க முடியவில்லை என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள்.

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. முப்பது வருட வரலாறு இருக்கிறது. அதில் வழக்கு, தீர்ப்பு, அபராதம் எல்லாம் வருகின்றன. நம் அசோக் நகரும் வருகிறது. பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பெரியவர்களுக்காக ஒரு விளக்கம். இன்டர்நெட் வேறு, பிரவுசர் வேறு. இன்டர்நெட் என்பது ஊர் முழுக்கப் போட்ட சாலை. பிரவுசர் என்பது அந்தச் சாலையில் நாம் ஏறிப் போகும் வண்டி. தமிழில் உலாவி என்கிறோம். சாலை எல்லோருக்கும் பொது. ஆனால் வண்டியைச் செய்து கொடுப்பவர் ஒரு கம்பெனிக்காரர். எந்தத் தேடுபொறி முதலில் திறக்க வேண்டும், நாம் எங்கெங்கே போனோம் என்பதை யார் குறித்து வைக்க வேண்டும் என்பதையெல்லாம் பெரும்பாலும் அவர்தான் முடிவு செய்கிறார். இத்தனை சண்டைக்கும் காரணம் அதுதான்.

டிம் பெர்னர்ஸ் லீ 1990-ல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் முதல் பிரவுசரை எழுதினார். 1993-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசன், எரிக் பினா இருவரும் மொசைக்கைச் செய்தார்கள். எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் சேர்ந்து தெரிந்ததால் சாதாரண மக்களும் அதைத் தொட ஆரம்பித்தார்கள். ஆண்ட்ரீசன் வெளியே வந்து தொடங்கிய கம்பெனிதான் நெட்ஸ்கேப். அதன் நேவிகேட்டர் 1994 டிசம்பரில் வெளிவந்தது.

இனி 1995 ஆகஸ்ட் மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 9-ஆம் தேதி நெட்ஸ்கேப் பங்குகள் சந்தைக்கு வந்தன. 28 டாலருக்கு விற்ற பங்கு அன்று மாலை 58 டாலரைத் தாண்டி முடிந்தது. 15-ஆம் தேதி, நம் சுதந்திர தினத்தன்று, வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. அந்த முதல் நகரங்களில் மெட்ராஸும் ஒன்று. 24-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 95-ஐ வெளியிட்டது. கூடவே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற தன் சொந்த பிரவுசரையும் கொண்டுவந்தது. நமக்குச் சாலை திறந்த அதே மாதத்தில், யாருடைய வண்டியில் ஏறுவது என்ற சண்டையும் தொடங்கிவிட்டது.

மைக்ரோசாஃப்ட் கையில் ஒரு பெரிய பலம் இருந்தது. உலகில் விற்கும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றில் விண்டோஸ்தான் இருந்தது. எனவே தன் பிரவுசரை அதற்குள்ளேயே வைத்து இலவசமாகக் கொடுத்தது. நெட்ஸ்கேப் வேண்டுமென்றால் தனியாகத் தேடிப் போக வேண்டும். அந்தக் காலத்து டெலிபோன் லைனில் அதை இறக்குவதற்குள் பொறுமை போய்விடும். முன்னாலேயே ஒன்று இருக்கும்போது யார் மெனக்கெடுவார்கள்?

1996-ல் காம்பாக் கம்பெனி தன் பிரசாரியோ கம்ப்யூட்டர்களின் திரையிலிருந்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஐகானை எடுத்துவிட்டு, நெட்ஸ்கேப்பையும் ஏ.ஓ.எல்.லையும் முன்னால் வைத்தது. கம்ப்யூட்டர் அவர்கள் தயாரித்தது. திரையில் என்ன வைப்பது என்பதும் அவர்கள் உரிமை என்றுதானே நினைப்போம்? ஐகானைத் திரும்ப வைக்காவிட்டால் விண்டோஸ் உரிமத்தையே ரத்து செய்வோம் என்று மைக்ரோசாஃப்ட் கடிதம் அனுப்பியது. விண்டோஸ் இல்லாமல் கம்ப்யூட்டரை விற்க முடியாது. காம்பாக் மறுபேச்சில்லாமல் ஐகானைத் திரும்ப வைத்தது.

1998 மே 18 அன்று அமெரிக்க நீதித்துறையும் இருபது மாநிலங்களும் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டன. அப்போது மைக்ரோசாஃப்ட் சொன்ன வாதத்தைக் கவனியுங்கள்: பிரவுசர் தனிப் பொருள் அல்ல, விண்டோஸின் உறுப்பு, அதைப் பிடுங்கினால் விண்டோஸே கெட்டுப்போகும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன் விண்டோஸ் 98-லிருந்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை நீக்கும் சிறு புரோகிராம் ஒன்றை எழுதி நீதிமன்றத்தில் காட்டினார். அதைப் போட்டால் கம்ப்யூட்டர் தடுமாறுகிறது என்று காட்ட மைக்ரோசாஃப்ட் ஒரு வீடியோ கொண்டுவந்தது. ஒரே கம்ப்யூட்டரில் நடந்ததாகக் காட்டப்பட்ட அந்தப் படம் அப்படி எடுக்கப்பட்டதல்ல என்பது 1999 பிப்ரவரியில் குறுக்கு விசாரணையில் வெளிவந்தது. மைக்ரோசாஃப்டுக்கு அது பெரிய தலைகுனிவு.

கம்பெனியை இரண்டாகப் பிரிக்கச் சொல்லி நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் 2000 ஜூனில் ஆணையிட்டார். 2001 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவினையை ரத்து செய்தது. ஆனாலும் ஏகபோகத்தைக் காக்கச் சட்டத்தை மீறியது என்ற தீர்ப்பின் முக்கியப் பகுதி நின்றது. அடுத்த மாதமே, கம்ப்யூட்டர் தயாரிப்பவர்கள் எக்ஸ்ப்ளோரர் ஐகானை எடுத்துக்கொள்ளலாம் என்று மைக்ரோசாஃப்ட் இறங்கிவந்தது. ஆனால் அதற்குள் நெட்ஸ்கேப் வீழ்ந்து, ஏ.ஓ.எல். கைக்குப் போய்விட்டிருந்தது. நீதி கிடைத்தது, ஆனால் உரியவர் பிழைத்திருக்கும்போது கிடைக்கவில்லை.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். அதே காலத்தில் நம் ஊரில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்தது. பிரவுசர் என்ற சொல் கடையின் பெயராகவே ஆனது. பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க மே மாதத்தில் அங்கே வரிசையில் நின்ற பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளின் ரிசல்ட்டை போனில் பார்க்கிறார்கள். அந்தக் கடைகளில் திரையில் இருந்த நீல நிற ஆங்கில 'இ' எழுத்துதான் பலருக்கு இன்டர்நெட். அதைத் தவிர வேறு வண்டி உண்டு என்பதே தெரியாது. இணையதளம் செய்தவர்களும் எக்ஸ்ப்ளோரருக்கு மட்டுமே செய்தார்கள். "இந்தத் தளத்தை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பார்க்கவும்" என்று பக்கத்தின் அடியில் எழுதியிருக்கும். வேறு பிரவுசரில் போனால் பட்டன் வேலை செய்யாது.

தமிழுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. தமிழ் எழுத்துக்கு யூனிகோடில் 1991-லேயே இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் அது வேலை செய்யப் பல வருடம் ஆனது. அதனால் ஒவ்வொரு பத்திரிகைத் தளமும் ஒவ்வொரு ஃபான்ட் வைத்திருந்தது. அந்த ஃபான்ட் நம் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் திரையில் பூச்சியும் புழுவுமாக ஏதோ தெரியும். ஆளுக்கொரு முறையாக இருப்பதை ஒழுங்குபடுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. நீங்கள் தட்டும் தமிழ்99 விசைப்பலகை அங்கே உருவானதுதான்.

ஃபான்டைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் ஒரு வழியும் வந்தது. ஆனால் மைக்ரோசாஃப்ட் ஒரு வகை கோப்பைக் கேட்டது, நெட்ஸ்கேப் வேறொரு வகை கேட்டது. எக்ஸ்ப்ளோரருக்கு மட்டும் செய்த தமிழ்ப் பக்கம் நெட்ஸ்கேப்பில் படிக்க வராது. அங்கே இரண்டு கம்பெனிகள் சண்டை போட்டதில், இங்கே தாய்மொழியில் செய்தி படிக்க முடியாமல் போனது. இங்கிலீஷ் மட்டும் படிப்பவருக்கு இந்தக் கஷ்டம் தெரிந்திருக்காது.

நெட்ஸ்கேப் சாகும்முன் ஒரு நல்ல காரியம் செய்தது. 1998 மார்ச் 31 அன்று தன் பிரவுசரின் மூல நிரலை உலகத்துக்கே திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். அதிலிருந்து வளர்ந்ததுதான் மோசில்லா. 2004 நவம்பர் 9 அன்று வந்த ஃபயர்பாக்ஸ் அதன் பிள்ளை. பத்தில் ஒன்பது பேர் எக்ஸ்ப்ளோரரில் இருந்த காலத்தில், விளம்பரப் பணம் பெரிதாக இல்லாமல், ஒருவர் சொல்லி இன்னொருவர் போட்டு அது பரவியது. ஆரம்பத்தில் அதிலும் நமக்குக் குறை இருந்தது. பத்தியின் இரு ஓரமும் சீராக அமைத்த பக்கங்களில் தமிழ் எழுத்துகள் உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நிற்கும். தமிழ் வலைப்பதிவு எழுதியவர்கள் அதைப் பற்றிப் புலம்பியது நினைவிருக்கும். 2008 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பில் அது சரியானது.

இனி நம் அசோக் நகருக்கு வருவோம்.

மதுரையில் 1972-ல் பிறந்த ஒரு பையன் இங்கே அசோக் நகரில் வளர்ந்தான். இரண்டு அறை வீடு. வீட்டுக்கு டெலிபோன் வரப் பல வருடம் காத்திருந்தார்கள். பத்தாம் வகுப்பு வரை இங்கேயுள்ள ஜவஹர் வித்யாலயா, பிறகு ஐ.ஐ.டி. வளாகத்து வனவாணி, அதன்பின் காரக்பூர் ஐ.ஐ.டி.யில் உலோகவியல். சுந்தர் பிச்சை. நான் பாடம் எடுத்த பள்ளி வேறு, அவருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் கூகுளுக்குள் அவர் உயர்ந்ததே இந்த பிரவுசர் விவகாரத்தால்தான் என்பது இந்தப் பேட்டையில் பலருக்குத் தெரியாது.

2004-ல் கூகுளில் சேர்ந்த அவருக்குக் கொடுத்த வேலை, டூல்பார். அடுத்தவர் பிரவுசரின் தலையில் கூகுள் தேடல் பெட்டியை ஒட்டவைக்கும் சின்னப் பட்டை அது. எக்ஸ்ப்ளோரரின் ஏழாம் பதிப்பு 2006-ல் வந்தபோது, தேடல் பெட்டியில் மைக்ரோசாஃப்ட் தன் தேடுபொறியையே முதலில் வைத்தது. அடுத்தவர் வண்டியில் தொற்றிக்கொண்டு போனால் என்றாவது இறக்கிவிடுவார்கள் என்பது கூகுளுக்கு உறைத்தது. சொந்த வண்டி வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. தலைமை அதிகாரி எரிக் ஷ்மிட் முதலில் சம்மதிக்கவில்லை. ஃபயர்பாக்ஸில் வேலை செய்த சிலரைச் சேர்த்துக்கொண்டு செய்து காட்டிய பிறகுதான் மனம் மாறினார். பிச்சை முன்னின்று நடத்திய அந்த குரோம் 2008 செப்டம்பர் 2 அன்று வெளிவந்தது. 2012 மே மாதத்தில், ஸ்டாட்கவுண்டர் கணக்குப்படி, எக்ஸ்ப்ளோரரைத் தாண்டி உலகில் முதலிடம் பிடித்தது. 2015-ல் அவர் கூகுளின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் குரோம் வாங்கும்போதே இருக்கவில்லை. கோடிக்கணக்கான பேர் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, தேடி, இறக்கி, தாங்களாகவே மாற்றிக்கொண்டார்கள். முன்னாலேயே உட்கார்ந்திருப்பது பெரிய பலம்தான், ஆனால் வெல்லவே முடியாத பலம் அல்ல என்பதற்கு குரோம்தான் சாட்சி. எக்ஸ்ப்ளோரருக்கு 2022 ஜூன் 15 அன்று விடைகொடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே, 2020-ல், எட்ஜை மைக்ரோசாஃப்ட் புதிதாகக் கட்டியது. அடித்தளமாக எடுத்துக்கொண்டது, கூகுள் தொடங்கி குரோமுக்கும் அடிப்படையாக உள்ள குரோமியம் என்ற திறந்த மூல நிரலைத்தான்.

ஆனால் ஜெயித்தவர் பழையவரின் நாற்காலியில் உட்கார்ந்ததும் என்ன நடந்தது? உங்கள் ஆண்ட்ராய்டு போனை எடுத்து குரோமை நீக்கிப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் 'முடக்கு' என்று மட்டும்தான் வரும், 'நீக்கு' வராது. தேடல், குரோம் உள்ளிட்டவற்றை மொத்தமாகப் போனில் வைக்கக் கட்டாயப்படுத்துவதற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. முன்னாலேயே வைத்த ஆப்களை நீக்கப் பயனாளருக்கு உரிமை கொடு என்றும் சொன்னது. 2023 மார்ச் 29 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. ஆனால் நீக்கும் உரிமை உள்ளிட்ட நான்கு உத்தரவுகளை ரத்து செய்துவிட்டது. நமக்கு மிகவும் தேவைப்பட்டதே அந்த நான்கில் ஒன்றுதான்.

அமெரிக்காவிலும் வழக்கு. முதல் தேடுபொறியாக இருப்பதற்காக 2021-ல் மட்டும் கூகுள் பிறருக்கு 2,630 கோடி டாலர் கொடுத்தது அங்கே வெளிவந்தது. யாரும் மாற்றமாட்டார்கள் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் இத்தனை பணம் கொடுப்பார்களா? 2024 ஆகஸ்ட் 5 அன்று நீதிபதி அமித் மேத்தா, குஜராத்தில் பிறந்தவர், கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்தது என்று தீர்ப்பளித்தார். குரோமையே விற்கச் சொல்ல வேண்டும் என்று அரசு கேட்டது. 2025 செப்டம்பர் 2 அன்று, குரோம் பிறந்து சரியாகப் பதினேழு வருடம் ஆன நாளில், விற்க வேண்டியதில்லை, ஆனால் தனியுரிமை ஒப்பந்தங்கள் கூடாது என்றார் நீதிபதி.

இப்போது எட்ஜ் கேள்விக்கு வருகிறேன். ஐரோப்பாவில் 2010 மார்ச் முதல் விண்டோஸ் கம்ப்யூட்டரில் "எந்த பிரவுசர் வேண்டும்?" என்று கேட்கும் திரையை மைக்ரோசாஃப்ட் வைக்க வேண்டியிருந்தது. நடுவே ஒரு விண்டோஸ் அப்டேட்டில் அந்தத் திரை காணாமல் போனது. ஒன்றரைக் கோடி பேருக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. 2013 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் 56 கோடியே 10 லட்சம் யூரோ அபராதம் போட்டது. 2024 மார்ச்சில் அங்கே புதுச் சட்டம் முழு வேகத்தில் வந்தபின், விண்டோஸ் 11-ல் எட்ஜை முழுதாகவே நீக்கலாம் என்றாகிவிட்டது.

ஆகவே, பாரிஸில் இருக்கும் நம் உறவினர் எட்ஜை ஒரு கிளிக்கில் நீக்கலாம். ரிச்சி தெருவில் வாங்கிய அதே லேப்டாப்பில் நமக்கு அந்தப் பட்டன் வேலை செய்யாது. கம்ப்யூட்டரும் ஒன்று, விண்டோஸும் ஒன்று, கொடுத்த காசும் ஏறக்குறைய ஒன்று. வித்தியாசம் சட்டத்தில்தான். நீக்க முடியாது என்று 1998-ல் சொன்னதும் சரி, இன்று சொல்வதும் சரி, முடியாததால் அல்ல. விட மனமில்லாததால்தான்.

நம் ஊர்க்காரர்கள் சும்மா இல்லை. ஸோஹோ நிறுவனம் 2023 மே மாதத்தில் 'உலா' என்ற பிரவுசரை வெளியிட்டது. உலாவி என்ற சொல்லின் வேர் அதில் இருப்பதே எனக்குச் சந்தோஷம். மத்திய அரசு நடத்திய இந்திய பிரவுசர் போட்டியில் 2025 மார்ச்சில் ஸோஹோ ஒரு கோடி ரூபாய் முதல் பரிசு வென்றது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதற்கும் அடித்தளம் அதே குரோமியம். குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ், உலா என்று போர்டு வேறு வேறாக இருந்தாலும் சமையலறை ஒன்றே. தனி அடுப்பு வைத்திருப்பவை பெரிய அளவில் இரண்டுதான்: ஃபயர்பாக்ஸ், ஆப்பிளின் சஃபாரி. ஃபயர்பாக்ஸுக்கும் பெரும் வருமானம் கூகுள் கொடுக்கும் பணம்தான். இதையும் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள்.

வரலாறு படித்தால் போதாது, ஏதாவது செய்ய வேண்டும் என்று வகுப்பில் சொல்வேன். இங்கேயும் சொல்கிறேன்.

1. புதுக் கம்ப்யூட்டரில் பிரவுசர் இறக்கும்போது அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். போலிகள் அங்கேதான் காத்திருக்கும்.

2. இறக்கினால் மட்டும் போதாது. செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் டீஃபால்ட் ஆப்ஸ் போய் உங்கள் பிரவுசரைத் தேர்ந்து 'செட் டீஃபால்ட்' அழுத்துங்கள். இல்லையென்றால் மெயிலில் வரும் லிங்க் எல்லாம் பழையதிலேயே திறக்கும்.

3. எட்ஜை வலுக்கட்டாயமாக அழிக்கும் குறுக்குவழிகள் யூடியூப்பில் நிறைய உண்டு. வேண்டாம். வேறு சில ஆப்கள் அதன் பாகங்களை நம்பியிருக்கின்றன. டாஸ்க்பாரிலிருந்து எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

4. இரண்டு பிரவுசர் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் வேறு வேறு அடுப்பாக இருக்கட்டும். ஒன்று பேங்க் வேலைக்கு, ஒன்று மற்றதுக்கு. ஒன்றில் அப்ளிகேஷன் திறக்காவிட்டால் மற்றதில் திறக்கும்.

5. உங்களில் பலர் இணையதளம் செய்யும் வேலையில் இருக்கிறீர்கள். நீங்கள் செய்யும் தளம் குரோமில் மட்டுமல்ல, ஃபயர்பாக்ஸிலும் ஓடுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஒரே பிரவுசருக்கு மட்டும் தளம் செய்த காலத்தில் நாம் பட்ட பாடு போதும்.

எட்ஜ் கெட்டது, குரோம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. எட்ஜே பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். யோசித்து வைத்துக்கொண்டது வேறு, யாரோ வைத்துவிட்டுப் போனதால் இருப்பது வேறு. நீக்கும் பட்டன் நம் நாட்டிலும் வேலை செய்ய வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்டவர்களுக்குத்தான் அது கிடைத்திருக்கிறது.

உங்கள் கம்ப்யூட்டரில் எந்த பிரவுசர், ஏன் என்று கீழே எழுதுங்கள். ஐரோப்பாவில் இருக்கும் பிள்ளைகள் எட்ஜை நீக்கிப் பார்த்தீர்களா என்றும் சொல்லுங்கள். பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
அசோக் நகர், சென்னை.